குளியலறையைப் புதுப்பிக்கப் போறீங்களா? முதலில் கணக்கைப் போடுங்கள்!

வீட்டிலேயே சின்ன அறை குளியலறைதான். ஆனால் மராமத்து என்று வந்தால் சதுர அடிக்கு அதிகம் செலவு வைப்பதும் அதுவே. "சின்ன பாத்ரூம்தானே சார், அஞ்சு நாள்ல முடிச்சிடலாம், நாற்பதாயிரம் இருந்தா போதும்" என்று மேஸ்திரி சொல்லும்போது நாமும் தலையாட்டி விடுகிறோம். பத்தாம் நாள் பாதி வேலையில் பணம் தீர்ந்துவிடும். உடைத்துப் போட்ட அறையை அப்படியே விடவும் முடியாது. அவசரத்துக்குக் கடன் வாங்குகிறோம், இல்லையென்றால் செய்யக் கூடாத இடத்தில் சிக்கனம் பிடிக்கிறோம்.

எங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான். மாடி வீட்டுக் குளியலறையில் பழைய பைப்பை அப்படியே விட்டுவிட்டு, இருந்த பணத்தைப் பளபளப்பான டைல்ஸில் போட்டோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஏழாவது மாதம் கீழ் வீட்டு அம்மா படியேறி வந்தார். "கோபிச்சுக்காதீங்க, எங்க பாத்ரூம் மேல்தளத்துல தண்ணி சொட்டுது, கொஞ்சம் வந்து பாருங்க" என்றார். புது டைல்ஸையே உடைத்துப் பைப்பை மாற்ற வேண்டியதாயிற்று. ஒரே வேலைக்கு இரண்டு முறை செலவு. நீங்கள் அந்தத் தவறைச் செய்யாமல் இருக்கவே இந்தப் பாடம்.

கையில் ஒரு அளவு டேப்பும் செல்போனும் இருந்தால் போதும். படித்துக்கொண்டே உங்கள் கணக்கைப் போட்டுவிடலாம்.

படி 1: எதற்காக உடைக்கிறோம்?

முதலில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். கசிவு இருக்கிறதா? சுவரில் ஓதம் ஏறுகிறதா? தண்ணீர் தேங்குகிறதா? வீட்டில் வயதானவர்களுக்கு வழுக்குகிறதா? அல்லது பார்க்கப் பழசாக இருக்கிறது என்பது மட்டும்தான் காரணமா?

கசிவும் ஓதமும் இல்லை, வாட்டம் சரியாக இருக்கிறது என்றால் முழுவதும் உடைக்கவே தேவையில்லை. டைல்ஸ் இடுக்குகளைச் சுரண்டி, புதிதாக ஜாயிண்ட் பவுடர் அடைத்து, குழாய்களையும் கதவையும் மாற்றினாலே அறை புதிதாகிவிடும். செலவு நாலில் ஒரு பங்குகூட வராது.

கசிவு இருந்தால் அதன் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே திட்டம் போடுங்கள். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வைத்து, காலையில் பாருங்கள். யாரும் பயன்படுத்தாமலேயே மட்டம் இறங்கியிருந்தால் தண்ணீர் வரும் பைப்பிலோ, ஃபிளஷ் டேங்கிலோ, தொட்டியிலேயோ கசிவு இருக்கலாம். மட்டம் இறங்கவில்லை, ஆனால் குளித்த பிறகு மட்டும் ஓதம் வருகிறது என்றால் தரையோ கழிவுநீர் பைப்போதான் காரணமாக இருக்கும். இந்த ஒரு இரவுச் சோதனைக்குச் செலவே இல்லை.

படி 2: அளவெடுங்கள்

ஓர் உதாரணம் பார்ப்போம். அறை 5 அடி அகலம், 7 அடி நீளம் என்று வையுங்கள். 7 அடி உயரம் வரை சுவர் டைல்ஸ்.

தரை: 5 × 7 = 35 சதுர அடி.

சுவர்: நாலு பக்கச் சுற்றளவு 5 + 7 + 5 + 7 = 24 அடி. 24 × 7 = 168 சதுர அடி. இதில் இரண்டரை அடி அகலக் கதவுக்கு 17.5 கழித்தால் 150.5 சதுர அடி.

டைல்ஸ் வெட்டும்போது கழிவு வரும். 10 சதவீதம் கூட்டுங்கள். தரைக்கு 38.5, சுவருக்கு சுமார் 165.6 சதுர அடி.

டைல்ஸைப் பெட்டிக் கணக்கில்தான் தருவார்கள். 300 × 450 மில்லிமீட்டர் சுவர் டைல்ஸ் ஒரு பெட்டியில் 6 இருந்தால், பெட்டிக்கு சுமார் 8.7 சதுர அடி. நமக்கு 20 பெட்டி வேண்டும். தரைக்கு 300 × 300 அளவில் பெட்டிக்கு 10 இருந்தால் 4 பெட்டி. பெட்டியில் எத்தனை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அட்டையில் அச்சிட்டிருக்கும், பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஒரே தடவையில், ஒரே பேட்ச் எண்ணில் வாங்குங்கள். பிறகு போய் ரெண்டு பெட்டி கேட்டால் நிறம் லேசாக மாறிவிடும். பிரிக்காத பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று முன்பே கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நாலைந்து டைல்ஸ் வீட்டில் மிச்சம் இருக்கட்டும். நாளைக்கு ஒன்று உடைந்தால் கைகொடுக்கும்.

படி 3: செலவைத் தலைப்பு வாரியாக எழுதுங்கள்

"மொத்தமா எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். கீழே உள்ளதுபோலத் தனித்தனியாக எழுதுங்கள். இந்த விலைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்கு மட்டுமே. உங்கள் ஊர்க் கடையிலும் ஆட்களிடமும் விசாரித்து, உங்கள் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. பழைய டைல்ஸ், பூச்சு உடைத்தல் (2 ஆள், 2 நாள், தினக்கூலி 900): ரூ.3,600
2. இடிபாடு அகற்ற வண்டி: ரூ.2,500
3. பைப், இணைப்புகள், தரை டிராப்: ரூ.6,500
4. பிளம்பர் கூலி: ரூ.5,000
5. சிமெண்ட், எம்-சாண்ட், டைல்ஸ் பசை, ஜாயிண்ட் பவுடர்: ரூ.6,500
6. பூச்சு வேலை (கொத்தனார் 1,100, சித்தாள் 800, 2 நாள்): ரூ.3,800
7. வாட்டர் புரூஃபிங் (தரை 35, சுற்றிலும் ஓரடி உயரத்துக்கு 24, மொத்தம் 59 சதுர அடி × 60): ரூ.3,540
8. டைல்ஸ் (சுவர் 174 × 45, தரை 38.8 × 50): ரூ.9,770
9. டைல்ஸ் ஒட்டும் கூலி (186 சதுர அடி × 35): ரூ.6,510
10. டாய்லெட் 7,000, குழாய்கள், ஷவர் 5,000, வாஷ்பேசின் 2,000: ரூ.14,000
11. மின்வேலை, எக்ஸாஸ்ட் ஃபேன், விளக்கு: ரூ.4,500
12. பி.வி.சி. கதவு: ரூ.3,500
13. வண்டி வாடகை, இறக்குகூலி, மாடி ஏற்றும் கூலி: ரூ.2,000

கூட்டினால் ரூ.71,720. இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். பழைய டைல்ஸுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது உடைத்தால்தான் தெரியும். துருப்பிடித்த இரும்புப் பைப் இருக்கலாம், அரித்துப் போன கம்பி இருக்கலாம். எனவே 15 சதவீதம், அதாவது ரூ.10,758, எதிர்பாராத செலவுக்கு. ஆக, கையில் சுமார் ரூ.82,500 இருந்தால்தான் சுத்தியலை எடுக்க வேண்டும்.

"நாற்பதாயிரம் போதும்" என்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்! மேஸ்திரி பொய் சொல்லவில்லை. அவர் கண்ணில் தெரிந்த வேலையை மட்டும் சொன்னார். டாய்லெட், கதவு, மின்வேலை, இடிபாடு எல்லாம் "அது தனி சார்" என்ற கணக்கில் போய்விடும்.

படி 4: எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது?

கையில் 65,000 ரூபாய்தான் இருக்கிறது என்று வைப்போம். என்ன செய்யலாம்?

பெரும்பாலானவர்கள் முதலில் டைல்ஸ் பரப்பைக் குறைக்கப் பார்ப்பார்கள். குளிக்கும் பக்கத்து இரண்டு சுவர்களுக்கு மட்டும் 7 அடி, மற்ற இரண்டுக்கும் 4 அடி என்றால் 28.5 சதுர அடி குறையும். டைல்ஸ் 4 பெட்டி மிச்சம், ஒட்டும் கூலியும் மிச்சம். ஆனால் எல்லாம் சேர்த்து சுமார் 2,500 ரூபாய்தான். அதேசமயம், 45 ரூபாய் டைல்ஸுக்குப் பதில் "பாக்க ரிச்சா இருக்கும்" என்று 80 ரூபாய் டைல்ஸை எடுத்தால் 6,090 ரூபாய் கூடிவிடும். ஷோரூமில் நிற்கும்போது இந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும்.

பெரிய மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. விரிசல் இல்லாத பழைய டாய்லெட், வாஷ்பேசினைக் கவனமாகக் கழற்றி மறுபடி பொருத்தினால் 9,000. நல்ல நிலையில் உள்ள கதவை விட்டால் 3,500. டைல்ஸ் உயரத்தையும் சேர்த்தால் சுமார் 15,000 குறைந்து, 15 சதவீத இருப்பையும் வைத்து மொத்தம் 65,000-க்கு அருகில் வந்துவிடும்.

கண்ணாடி, அலமாரி, கீசர் எல்லாம் அடுத்த மாதம், அடுத்த வருஷம்கூட வாங்கலாம். கீசருக்கான வயரையும் பைப் முனையையும் மட்டும் இப்போதே விட்டு வையுங்கள்.

குறைக்கவே கூடாதவை நாலு: சுவருக்குள் போகும் பைப், வாட்டர் புரூஃபிங், தரை வாட்டம், மின்சார எர்த். இவை நாலும் மூடிய பிறகு கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் இவற்றில் கைவைக்கத் தோன்றும். பிறகு கெட்டால் எல்லாவற்றையும் உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

வெந்நீர் போகும் பைப் சி.பி.வி.சி.யாக இருக்கட்டும். யு.பி.வி.சி. பைப் குளிர்ந்த நீருக்கு மட்டுமே. "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தரை வாட்டம் டிராப்பை நோக்கி 4 அடிக்கு அரை அங்குலமாவது இறங்க வேண்டும். கீசர், ஃபேன் எல்லாவற்றுக்கும் எர்த் இணைப்பு வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் கட்டாயம் போடுங்கள். ஈரமான அறையில் மின்கசிவு ஏற்பட்டால் உயிரைக் காப்பது அதுதான்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்னும் மூன்று விஷயம். தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ். டாய்லெட் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் உறுதியான கைப்பிடிக் கம்பி. முடிந்தால் வெளிப்பக்கம் திறக்கும் கதவு. உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உட்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. கைப்பிடியும் பொருத்தும் செலவும் ஓரிரு ஆயிரத்தில் முடிந்துவிடும். இடுப்பெலும்பு முறிந்தால் ஆகும் செலவையும் வேதனையையும் நினைத்தால் இது ஒன்றுமே இல்லை.

படி 5: மூன்று பேரிடம் கேளுங்கள், ஒரே பட்டியலோடு

மேலே எழுதிய பட்டியலில் விலையை மட்டும் அழித்துவிட்டு, வாட்ஸ்அப்பில் மூன்று பேருக்கு அனுப்புங்கள். கூலி மட்டும் பேசுகிறோமா, பொருளோடு பேசுகிறோமா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். ஒரே பட்டியலுக்கு மூன்று விலை வந்தால்தான் ஒப்பிட முடியும். மிகக் குறைவாகச் சொன்னவரிடம், "எந்தெந்த வேலை இதில் சேரலை?" என்று கேளுங்கள். பதில் அங்கேதான் இருக்கும்.

பேசி முடித்ததை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வேலைப் பட்டியல், பொருளின் தரம், தொகை, நாள் கணக்கு, கசிவு வந்தால் எத்தனை மாதத்துக்குள் இலவசமாகச் சரிசெய்வார் என்ற விவரம், இவ்வளவு போதும்.

பணத்தை நாலு தவணையாகக் கொடுங்கள். தொடங்கும்போது 20 சதவீதம். பைப் சோதனை முடிந்ததும் 30. டைல்ஸ் ஒட்டி முடித்ததும் 30. ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்த பிறகு மீதி 20. முடிந்தவரை யு.பி.ஐ. மூலம் அனுப்பினால் தேதியோடு பதிவு இருக்கும். அதேபோல, ஒப்புக்கொண்ட கட்டம் முடிந்த அன்றே பணத்தைக் கொடுத்துவிடுங்கள். தினக்கூலியை நம்பி வீடு நடத்துபவர்களை இழுத்தடிப்பது நியாயமும் இல்லை, வேலையும் கெடும்.

படி 6: மூடுவதற்கு முன் பாருங்கள்

உடைக்க 2 நாள், பைப்புக்கு 2, பூச்சுக்கு 2, வாட்டர் புரூஃபிங்கும் சோதனையும் 3 அல்லது 4, டைல்ஸுக்கு 3, பொருத்த 1. ஆக இரண்டு வாரம். வீட்டில் இருப்பதே ஒரு குளியலறை என்றால் இந்த இரண்டு வாரத்துக்கு மாற்று ஏற்பாடும் திட்டத்தில் சேர வேண்டும்.

இதில் மூன்று சோதனைகளைத் தவறவிடாதீர்கள்.

ஒன்று, பைப் போட்டதும் முனைகளை எல்லாம் அடைத்து, அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றி, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இருக்கக் கூடாது.

இரண்டு, சுவரை மூடும் முன் பைப், வயர் போகும் பாதையை அளவு டேப்போடு சேர்த்துப் போட்டோ எடுங்கள். தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்று படத்தில் தெரிய வேண்டும். பின்னால் ஆணி அடிக்கும்போதும் துளை போடும்போதும் இந்தப் படம்தான் பைப்பைக் காப்பாற்றும்.

மூன்று, வாட்டர் புரூஃபிங் காய்ந்ததும் டிராப்பை அடைத்து, இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி, 24 மணி நேரம் விடுங்கள். கீழ் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, மறுநாள் அவர் வீட்டு மேல்தளத்தையும் பாருங்கள். "ஒரு நாள் வேஸ்ட் சார்" என்பார்கள். நாங்கள் அந்த ஒரு நாளைத்தான் மிச்சம் பிடித்தோம்!

படி 7: உங்களுக்கு உதவும் அரசு சேவைகள்

தரம் பார்க்க: பி.ஐ.எஸ். கேர் செயலியைச் செல்போனில் இறக்கிக்கொள்ளுங்கள். பைப், கீசர், வயர் மேல் உள்ள ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஓர் உரிம எண் இருக்கும். அதைச் செயலியில் போட்டால், அந்த உரிமம் யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுக்கப்பட்டது என்று கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். கீசரில் நட்சத்திரக் குறியீட்டையும் கவனியுங்கள். 2,000 வாட் கீசர் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். நட்சத்திரம் கூடக் கூட, சூடான நீர் ஆறுவதால் வீணாகும் மின்சாரம் குறையும்.

பில் வாங்க: "பில் இல்லாம வாங்கினா ஜி.எஸ்.டி. மிச்சம்" என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். பில் இல்லாவிட்டால் கேரண்டியும் இல்லை, புகாருக்கு ஆதாரமும் இல்லை.

புகார் செய்ய: பொருளில் குறை, சேவையில் குறை என்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். இணையம் வழியாகவும் பதியலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. நீங்கள் பத்திரப்படுத்திய பில், கையெழுத்துத் தாள், யு.பி.ஐ. பதிவு, போட்டோ எல்லாம் அப்போதுதான் பேசும்.

இடிபாடு கொட்ட: தெருவோரம், காலி மனை, மழைநீர் வடிகால், ஏரிக்கரை எங்கும் கொட்டக் கூடாது. அபராதம் விதிப்பார்கள். அதைவிட, அடுத்த மழையில் நம் தெருவில்தான் தண்ணீர் நிற்கும். சென்னையில் 1913 என்ற மாநகராட்சி உதவி எண்ணில் விசாரிக்கலாம். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டடக் கழிவை மறுசுழற்சி செய்யும் ஆலைகள் இருக்கின்றன. மற்ற ஊர்களில் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டு வண்டியை வரச் சொல்லுங்கள்.

கழிவுநீர்த் தொட்டி: பைப் மாற்றும்போது செப்டிக் டேங்க் அடைப்பும் தெரியவரலாம். "ஒரு ஆளை இறக்கி எடுத்துடலாம்" என்று யார் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவது குற்றம். விஷவாயுவில் உயிர் போக சில நிமிடம் போதும். உரிமம் பெற்ற கழிவுநீர் அகற்றும் வண்டிக்கு 14420 என்ற எண்ணை அழையுங்கள்.

ஒரு சந்தேகம்: "கழிப்பறை கட்ட அரசு 12,000 ரூபாய் தருதே, மராமத்துக்குக் கிடைக்குமா?" என்று பலர் கேட்கிறார்கள். கிராமப்புறத் தூய்மை பாரத இயக்கத்தில் அந்த ஊக்கத்தொகை, கழிப்பறையே இல்லாத தகுதியுள்ள குடும்பங்கள் புதிதாகக் கட்டுவதற்கு. இருக்கும் குளியலறையை அழகுபடுத்த அல்ல. உங்கள் பக்கத்து வீட்டில் கழிப்பறை இல்லையென்றால் ஊராட்சி அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

இன்றைய பயிற்சி

இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் உங்கள் குளியலறையை அளந்துவிடுங்கள். தரைக்கு ஒரு கணக்கு, சுவருக்கு ஒரு கணக்கு. 10 சதவீதம் கழிவு சேருங்கள். 13 தலைப்புகளைச் செல்போன் குறிப்பில் எழுதி, தெரிந்த விலையை நிரப்புங்கள். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். அந்தக் காலி இடங்கள்தான் நாளைக்குக் கடையிலும் மேஸ்திரியிடமும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள். கடைசியில் 15 சதவீதம் கூட்டுங்கள்.

வரும் தொகை கையிருப்பைவிட அதிகமாக இருந்தால் கவலைப்பட வேண்டாம். இரண்டு மூன்று மாதம் சேர்த்துவிட்டுத் தொடங்கலாம். உடைக்காத பழைய குளியலறையில் இன்னும் மூன்று மாதம் குளிக்க முடியும். பாதி உடைத்ததில் மூன்று நாள்கூட முடியாது.